பாறை எனக்குச் சுடவில்லை

போன சித்திரையில் நடந்தது. அன்னவாசல் பக்கம் எங்கள் ஊர். ஊரை ஒட்டி ஒரு மொட்டைப் பாறை மலை. சர்க்கரை இருக்கிறது, நட என்று டாக்டர் சொன்னதால் தினமும் விடிவதற்கு முன் அதில் ஏறுவேன். கூட என் நாயும் வரும். நாட்டு நாய்தான். முன்னால் ஓடிப்போய் நின்று, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்கும். உச்சியில் சுனைத் தண்ணீரைக் குடித்துவிட்டு என் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். ஒரு பேச்சும் கிடையாது. எனக்கு அது பிடிக்கும்.

அன்று காலையில்தான் மோட்டாருக்குக் கரண்டு விட்டார்கள். கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் கிளம்பும்போது வெயில் நன்றாக ஏறிவிட்டது. ஒரு நாளும் விடக்கூடாது என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

பாதி மலையில் நாய் நின்றுவிட்டது. ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. ஒரு புதர் நிழலில் போய் ஒண்டியது.

"திங்கிறதுக்கு மட்டும் முந்தி வா. ஏறுடா!" என்றேன்.

வரவில்லை. தோள் துண்டை அதன் கழுத்தில் கட்டி இழுத்தேன். ஒரு தடவை முனகியது. அப்புறம் சத்தமே இல்லை. உச்சியில் சுனை வற்றிக் கிடந்தது. நாய் என் நிழலுக்குள் வந்து நின்றது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இறங்கும்போது, அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டது.

"என்னண்ணே, நாய் நொண்டுது?"

"சோம்பேறித்தனம்."

"இங்கிட்டு வாங்க. காலைத் தூக்கிப் பாருங்க."

பார்த்தேன். நாலு பாதமும் தோல் வழன்று சிவந்து கிடந்தது.

"ஆட்டுக்குக் குளம்பு இருக்கு. ஒங்களுக்குச் செருப்பு இருக்கு. இதுக்கு என்னண்ணே இருக்கு?"

இதே பாறையில்தான் நாங்கள் கடலை காயப்போடுவோம். வெயில் ஏறிவிட்டால் கிண்டிவிடக்கூட வெறுங்காலோடு போகமாட்டோம். எனக்குத் தெரியாத சூடு இல்லை.

தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை அந்தப் பெண் நாயின் காலில் ஊற்றியது. நான் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். மாட்டாஸ்பத்திரியில் மருந்து போட்டுக் கட்டினார்கள். எப்படி ஆனது என்று கேட்டார்கள். பாறை சுட்டுவிட்டது என்றேன். நான் இழுத்ததைச் சொல்லவில்லை.

புண் ஆற ரொம்ப நாள் ஆனது. ஆறி முடிவதற்குள்ளேயே ஒரு நாள் காலையில், மலைக்குக் கொண்டுபோகும் கம்பை நான் எடுத்த சத்தம் கேட்டு எழுந்து, நொண்டிக்கொண்டே வந்து வாசலில் நின்றது. வாலை ஆட்டியது. நான் கம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இப்போது மறுபடியும் இரண்டு பேரும் போகிறோம். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றி முதலில் என் காலை வைத்துப் பார்க்கிறேன். அது எல்லாவற்றையும் மறந்துவிட்டு முன்னால் ஓடுகிறது. நின்று திரும்பிப் பார்க்கும்போது எனக்குத்தான் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.