நாலு விரல் இடைவெளி

எல்லாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. காளீஸ்வரன் மட்டும் இன்னும் வண்டியை எடுக்கவில்லை. ஜீப்பின் பின்பக்கம் போய்க் குனிகிறார். பின்சக்கரத்துக்கும் அதற்கு மேலே வளைந்து நிற்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் வலது கையை நுழைக்கிறார். விரல்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கிறார். நாலு விரல் இறுக்கமாக உள்ளே போனால் சரி. நிமிர்ந்து, காக்கிக் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வருவார். நாரணாபுரத்துப் பெண்களுக்கு இது பழகிவிட்டது. பட்டாசுக் கம்பெனிக்கு நேரமாகிறதே என்ற தவிப்பில், "டயருக்கு நாடி பாத்தது போதும், வண்டிய எடுங்க" என்று உள்ளேயிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்.

காளீஸ்வரனுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. ஒடிசலான உடம்பு, அதற்குப் பொருந்தாத கனத்த மீசை. அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போனவர்கள். இவர் சில வருடங்கள் கம்பெனியில் வெடிக்குக் குழாய் உருட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர், பிடித்த பிடியை விடவே இல்லை. ஜீப் ஏலத்தில் எடுத்தது. பழசுதான், ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும் வகை. திங்கள் முதல் சனி வரை பெண்களைக் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவது அதன் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் அதே ஜீப் ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்குப் பின்னால் கிடக்கும் கல்லோடையில் நிற்கும். தோப்புக்காரரும் அவருடைய நண்பர்களும் தங்கள் வண்டிகளைப் பாறையில் ஏற்றியும் சேற்றில் இறக்கியும் பார்க்கிற இடம் அது. அவர்களுக்கு வேலைக்கு ஒரு வண்டி, விளையாட ஒரு வண்டி. காளீஸ்வரனுக்கு இரண்டுக்கும் இது ஒன்றுதான்.

அதற்காக அவர் ஒதுங்கி நிற்கிற ஆள் இல்லை. எவ்வளவு பெரிய பாறையைக் காட்டினாலும் மீசையை ஒரு தடவு தடவி, "பாத்துக்கிருவம்" என்பார். காலண்டர் அச்சகம் வைத்திருக்கும் சரவணக்குமாரிடம் ஒருமுறை, "ரிவர்ஸ் கியரு வீட்டு வாசல்ல நிறுத்தத்தான் அண்ணாச்சி, மலைக்கு எதுக்கு?" என்று அவர் சொன்னது அந்தக் கூட்டத்தில் பிரசித்தம். வயதில் சின்னவர் என்றாலும் சரவணக்குமார் இவருக்கு அண்ணாச்சிதான்.

சும்மா சொல்லக்கூடாது, வாய்க்குத் தக்க கை உண்டு. ஆடி மாதத்தில் இருக்கன்குடி கோயிலுக்கு வருகிற கார்கள் ஆற்று மணலில் புதைந்து உறுமிக்கொண்டிருக்கும். காளீஸ்வரன் தன் டயர்களில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு மணலுக்குள் பூனை மாதிரி போவார். கயிற்றை மாட்டி, லோ கியரில் போட்டு, சத்தம் காட்டாமல் காரை வெளியே கொண்டுவந்துவிடுவார். யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. "ஆத்தா பாத்துக்கிருவா" என்று கோயில் இருக்கும் திசையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பம்பை எடுத்துத் தன் டயருக்குக் காற்றடிக்க உட்கார்ந்துவிடுவார்.

ஜீப்பில் அவர் மாற்றுகிற ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் தேற வேண்டும். கல்லோடையில் தேறுவது சுலபம். பெண்களிடம் தேறுவதுதான் பாடு. முதலில் முரட்டுப் பல் வைத்த டயர் நாலு வாங்கிப் போட்டார். சேற்றில் அது ராஜா. தார் ரோட்டில் மட்டும் ஊளையிட்டது. "காலங்காத்தால யாரோ ஒப்பாரி வைக்கிற மாதிரி இருக்கு" என்று பெண்கள் ஒரு வாரம் காதைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். காளீஸ்வரன் முணுமுணுத்துக்கொண்டே அதைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் சாதுவான பல் உள்ள டயருக்கு மாறினார்.

அடுத்து, கூரைமேல் நீள விளக்கு. அதைக் கம்பெனி வாசலில் இருளாண்டி மறித்தார். இருளாண்டி வாசல் காவலர். சைலன்சர் வாயில் பொறியை அடக்கும் மூடி இருக்கிறதா என்று தினமும் குனிந்து பார்த்த பிறகே எந்த வண்டியையும் உள்ளே விடுவார். புது ஒயரைக் கண்டதும் அவருக்கு ஆகவில்லை. காளீஸ்வரன் வாதாடவில்லை. வாசலுக்கு வெகுமுன்பே ஜீப்பை ஓரங்கட்டி, அந்த விளக்கின் பியூசைப் பிடுங்கி, கொண்டுபோய் இருளாண்டி கையில் கொடுத்துவிட்டார். திரும்பும்போது வாங்கிக்கொண்டார். இன்றும் தினமும் அப்படித்தான். இருளாண்டி அதை வெற்றிலைப் பைக்குள் பத்திரமாக வைத்திருப்பார்.

இவ்வளவு நெளிவு சுளிவு தெரிந்த மனிதர்தான் ஒருநாள் கோட்டை விட்டார். கல்லோடையில் ஜீப்பின் வயிறு பாறையில் இடித்துக்கொண்டே இருந்தது. பெத்தணனின் பட்டறையில் ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி ஜீப்பை இரண்டு இஞ்ச் தூக்கிவிட்டார். ஆள் நிறைந்திருக்கும்போது இரண்டு விரல் நுழைந்த சந்தில் அதற்குப் பிறகு நாலு விரல் நுழைந்தது. அன்று மாலை வீட்டு வாசலில் அவர் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து, அதற்கும் திருஷ்டி சுற்றிப் போடட்டுமா என்று மனைவி வள்ளித்தாய் கேட்டார்.

மறுநாள் முதல் நிறுத்தத்திலேயே உற்சாகம் இறங்கிவிட்டது. முதலில் ஏறுகிறவர் சின்னத்தாய். காளீஸ்வரனுக்கு அத்தை முறை. முட்டிவலிக்காரர். தூக்குவாளியை இவர் கையில் கொடுத்துவிட்டு ஏறுவார். உட்கார்ந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். இந்த ஜீப்பைக் கம்பெனிக்குப் பேசி அமர்த்திவிட்டவரே அவர்தான். அவர் தெருப் பெண்கள் நாலு பேர், அத்தை ஏறுகிற வண்டியில்தான் ஏறுவார்கள். அன்று சின்னத்தாய் காலைத் தூக்கிப் பார்த்தார், எட்டவில்லை. பின்னாலிருந்தவர்கள் தாங்கிப் பிடித்து ஏற்றினார்கள். முழங்கால் கம்பியில் உரசித் தோல் வழன்றது.

காளீஸ்வரனா சும்மா இருப்பார்? அன்று பகலிலேயே பெத்தணனை விட்டு ஓர் இரும்புப் படியை வெல்டு வைத்துப் பின்னால் தொங்கவிட்டார். அடுத்த நாள் சின்னத்தாய் சுகமாக ஏறினார். எல்லாம் கம்பெனி வாசல் வரைக்கும்தான். அங்கே ஒரு சிமெண்ட் மேடு உண்டு. பின்சக்கரம் அதில் ஏறி இறங்கியபோது தொங்கிய இரும்பு தரையில் இழுபட்டுக் கிறீச்சிட்டது.

வேறு ஊரில் அது வெறும் சத்தம். இங்கே, அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்த அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். இருளாண்டி மணல் வாளியோடு ஓடிவந்தார். பொறி விழவில்லை. விழுந்திருக்கலாம். சின்னத்தாய் யார் கையையும் பிடிக்காமல் இறங்கி வந்து காளீஸ்வரனுக்கு எதிரே நின்றார். சத்தம் போடவில்லை.

"ஒன் ஞாயித்துக்கெழமைக்காக எங்க திங்கக்கெழமையப் பணயம் வைக்காதலே."

மறுநாளிலிருந்து அவர் வேறு வேனில் போனார். அவர் பின்னாலேயே நாலு பேரும் போனார்கள். மிச்சப் பெண்களும் போய்விட்டால் கம்பெனி ஓட்டம் போகும். ஓட்டம் போனால் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஜீப்பைக் கட்டித் தீனி போட முடியாது. ஆனால் காளீஸ்வரனை அரித்தது அதுவல்ல. கம்பெனிக்குள் வெறும் ஆணி கீழே கிடந்தாலும் எடுத்து ஒப்படைத்துவிட்டு மறுவேலை பார்த்தவர் அவர். இரும்பு தரையில் உரசக்கூடாது என்பதை அவருக்கு இன்னொருவர் சொல்ல வேண்டியதாகிவிட்டது. வெட்கமாக இருந்தது. இரும்புப் படியை அன்றே அறுத்து எறிந்தார். அந்த நாட்களில் காலையில் சக்கரச் சந்தில் கையை விட்டால், ஐந்து பேர் பாரம் குறைந்ததில் நாலு விரல் நுழைந்தது போக மேலே காற்று ஓடியது.

தூக்கியதை இறக்கிவிடுங்கள் என்றார் வள்ளித்தாய். ஒரு மணி நேர வேலைதான் என்றார் பெத்தணன். அதில்தான் காளீஸ்வரன் மசியவில்லை. ஒரு பகல் முழுக்க ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்து யோசித்தார். பிறகு எழுந்து போய் வேப்பமரக் கட்டை வாங்கிவந்தார். தானே இழைத்து, இரண்டே படி உள்ள ஒரு குட்டை ஏணி செய்தார். ஆணிக்குப் பதில் மரமுளை. படியிலும் கால்களிலும் பழைய டயர் ரப்பரைத் தோல்வாரால் இறுக்கிக் கட்டினார். ஏணியின் மேல்முனை பம்பருக்கு மேலே வைத்த மரக்கட்டையில் கவ்விக்கொள்ளும், ஆடாது. எல்லாரும் ஏறியதும் எடுத்து உள்ளே போட்டுவிடலாம். சனிக்கிழமை மாலை சின்னத்தாய் வீட்டு முன்னால் போய் நின்று, திங்கட்கிழமை ஒரு தடவை வந்து பார்க்கச் சொன்னார். சின்னத்தாய் புளி உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமல், "பாப்பம்" என்றார்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. உயர்த்திய ஜீப் கல்லோடையில் சொன்ன பேச்சைக் கேட்டது. இத்தனை நாள் வயிற்றில் இடித்த பாறைகளையெல்லாம் சட்டைசெய்யாமல் தாண்டியது. காளீஸ்வரனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசியாக, முந்தின இரவு மழையில் நனைந்த வழுக்குப் பாறை. பாதி ஏறியதும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது. டயருக்கு அடியில் பிடிமானமாக ஏதாவது கொடுத்தால் ஏறிவிடும், அது எல்லாருக்கும் தெரிந்தது. சரவணக்குமார் ஓடிவந்து பின்கதவு வழியாக உள்ளே பார்த்தார்.

"காளி, ஏணி ஒண்ணு கெடக்கே. அத எடுத்து டயருக்கு அடில குடு. ஒரே மிதில ஏறிரும்."

ஏறியிருக்கும். ஏணியும் நொறுங்கியிருக்கும். காளீஸ்வரன் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். மேலே பாறை உச்சியில் கைதட்டக் காத்திருக்கும் கூட்டத்தையும் பார்த்தார்.

"அது எங்க அத்தை ஏறுறது அண்ணாச்சி. தள்ளி நில்லுங்க."

ரிவர்ஸ் கியரைப் போட்டார். வீட்டு வாசலுக்கு மட்டும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்த அதே கியர். அங்குலம் அங்குலமாகப் பாறையிலிருந்து இறங்கி, ஓடையைச் சுற்றிக்கொண்டு மண் பாதையில் மேலே வந்து சேர்ந்தார். கூட்டம் விடுமா? வீடு வந்துவிட்டதா காளி என்று கேட்டுச் சிரித்தார்கள். அவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் தேநீர் குடிக்கப் போவதற்கு முன்னால், ஏணி எங்காவது இடித்துக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை. ஜீப் கழுவித் துடைத்துச் சின்னத்தாயின் தெரு முனையில் நின்றது. ஏணி மாட்டியாயிற்று. சின்னத்தாய் வந்தார், பின்னால் நாலு பேர். அந்த இன்னொரு வேன் வருகிற நேரமும் அதுதான். சின்னத்தாய் உடனே ஏறவில்லை. ஏணியைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு சிரமப்பட்டுக் குனிந்து, இரண்டு படிக்கும் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினார்.

"ஆணி இருக்கா?"

"மரமுளைதான் யத்தே. பொட்டு இரும்பு கெடையாது."

சின்னத்தாய் நிமிர்ந்து ஜீப்பை மேலும் கீழும் பார்த்தார்.

"நேத்து மல ஏறுனியாக்கும்?"

"ஒரு கல்லுல மட்டும் ரிவர்ஸ் எடுத்தேன்."

வேன் வந்து ஆரன் அடித்தது. சின்னத்தாய் தூக்குவாளியைக் காளீஸ்வரன் கையில் கொடுத்தார். ஒரு படி, இன்னொரு படி, உள்ளே. அவர் பின்னாலேயே நாலு பேரும் ஏறினார்கள். மற்ற நிறுத்தங்களிலும் ஏறி ஜீப் நிறைந்தது.

கடைசி நிறுத்தத்தில் ஏணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, காளீஸ்வரன் பின்சக்கரத்துக்கு அருகில் குனிந்தார். விரல்களைச் சேர்த்துச் சந்தில் நுழைத்தார். நாலு விரல், இறுக்கம். உள்ளேயிருந்து யாரோ நேரமாகிறது என்றார்கள். அவர் கையை உடனே எடுக்கவில்லை.