வாய் தைத்த பாக்கெட்டுகள்

உணவுக்கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவன் சாப்பிடுகிறவரின் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே, பரிமாறுகிறவனின் கையையும் கவனிக்க வேண்டியவன். இத்தொழிலில் கழுத்து வலி கண்ட அன்பர்கள் என் நிலையை உணர்வார்கள்.

எழுபதுகளின் நடுவில் சித்தூரில் எங்கள் சேவைச் சபையார் ஒரு சாப்பாட்டுக் கூடம் தொடங்கினர். வெள்ளைக்காரர் காலத்து ரயில்வே உணவுக்கூடம் போலவே அது அமைய வேண்டுமென்பது அவர்கள் விருப்பம். பித்தளை மணி, மூடி போட்ட தட்டு, வெள்ளைக் கோட்டு, சிவப்பு இடைக்கச்சை யாவும் வந்து சேர்ந்தன. ரேணிகுண்டாவில் அத்தகைய கூடத்தில் பணியாற்றியவன் என்பதால் என்னையும் வரவழைத்தனர்.

பரிமாற வந்த ஆறு இளைஞர்களும் சர்ட்டிபைடு ஸ்கூலிலிருந்து, அதாவது தவறு செய்த சிறுவர்களை நீதிமன்றம் அனுப்பி வைக்கும் பள்ளியிலிருந்து, நன்னடத்தையின் பேரில் விடப்பட்டவர்கள். எவன் மீதேனும் ஒரு புகார் பதிவானால் அவன் அங்கேயே திரும்ப வேண்டும். புகார்ப் புத்தகம் என் மேசையில் இருந்தது.

ஊசியும் நூலும்

கோட்டுகள் தையற்கடையிலிருந்து ஆளுக்கு இரண்டு பாக்கெட்டுகளுடன் வந்தன. ஆறு கோட்டுகள், பன்னிரண்டு பாக்கெட்டுகள். ஒரு கரண்டி நுழைவதற்கு ஒரு பாக்கெட் போதும் என்று என் மனம் கணக்கிட்டது. அவற்றின் வாயைத் தைத்துத் தருமாறு கேட்டேன். தையற்காரர் மறுத்துவிட்டார். அவர் கடையிலேயே அமர்ந்து, அவருடைய ஊசியையே இரவல் வாங்கி, பன்னிரண்டையும் நானே தைத்து முடித்தேன். அவர் காஜா எடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாக்கெட்டு கிழிஞ்சி போச்சின்னு வர்றவங்களத்தான் இத்தினி நாளா பார்த்துக்கினு இருக்கேன். நல்லா இருக்கிற பாக்கெட்டுக்கு வாயத் தெக்கிறது நீங்க ஒருத்தர்தாண்ணா."

மடியில் இருந்த பை

ஐயம் எனக்கு மட்டுமே உரியதன்று. திருப்பதியிலிருந்து வந்த ஓர் அம்மையார், எங்கள் பையன்களின் வரலாற்றை யாரிடமோ கேட்டறிந்து வந்திருந்தார். கைப்பையை மடியில் வைத்து, இடக்கையால் அதனை அணைத்தவாறே உண்டார். விஜயபுரத்துப் பையன் தாஸ், "குழம்பு பை மேல சொட்டுதும்மா, பக்கத்து நாற்காலியில வெச்சிக்கோங்க" என்று பணிவாகக் கூறினான். அம்மையார் பையை இன்னும் சற்று இறுக்கிக்கொண்டார்.

"குழம்பு தொவைச்சா போயிடும்பா."

நல்ல பள்ளிக்கூடம்

பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி ஒருவர், தாஸ் தட்டின் மூடியைத் திறந்த நேர்த்தியில் மயங்கி, எங்கே படித்தாய் என்று வினவினார். அவன் கூசாமல் "சர்ட்டிபைடு ஸ்கூலுங்க" என்றான். சர்ட்டிபிகேட் தாராளமாக வழங்கும் உயர்ந்த பள்ளி என்று அவர் எண்ணிக்கொண்டார் போலும். "நம்ம சின்னோன் மூணு வருசமா ஒரே கிளாஸ்ல குந்திக்கினு இருக்கான். அங்க சேக்கணும்னா யார் சிபாரிசு வேணும்?" என்று ஆவலுடன் கேட்டார்.

நான் தலையிடுவதற்குள் தாஸ் விடையளித்துவிட்டான். இத்துணைச் சாமர்த்தியம் உள்ளவனை இருமடங்கு கவனிக்க வேண்டும் என்று அன்றே உறுதி பூண்டேன்.

"சிபாரிசே வேணாங்க. போலீஸ்காரரே கூட்டிக்கினு போய் விட்டுடுவாரு."

இடக்கையில் கடிகாரம்

ஒரு மதியம், திருப்பதிக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் கை கழுவிவிட்டு வந்து அமர்ந்த சிறிது நேரத்தில், "என் வாட்சைக் காணோம்" என்றார். நான் வாயிற்கதவைச் சாத்தினேன். அப்போது கை கழுவும் இடத்தின் வழியாக, இரு கைகளிலும் மூடித் தட்டுகளுடன் தாஸ் வந்தான். அவன் இடது மணிக்கட்டில் அந்தக் கடிகாரம் பளபளத்தது.

"எங்கே எடுத்தாய்?" என்றேன். அவன் வாய் திறக்கவில்லை. குற்றம் நாவைக் கட்டிவிட்டது என்று தீர்மானித்து, புகார்ப் புத்தகத்தில் அவன் பெயரை எழுதினேன். தட்டு ஏந்தியவன் பேசலாகாது என்பது பழைய ரயில்வே ஒழுங்கு. அதை அவனுக்குப் பயிற்றுவித்தவன் நானே என்பது அக்கணம் நினைவுக்கு வரவில்லை.

தாஸ் தட்டுகளை உரிய மேசையில் முறைப்படி வைத்தான். கடிகாரத்தைக் கழற்றி ஆசிரியர் முன் வைத்தான். "குழா கிட்ட இருந்துச்சி சார், தண்ணி பட்டுக்கினு இருந்துச்சி."

"அதைக் கையிலயா கட்டிக்குவே?" என்றார் ஆசிரியர்.

"ரெண்டு கையிலயும் தட்டு தூக்கணுமே சார். பாக்கெட்டு இருந்தா அதுல போட்டுக்கினு வந்திருப்பேன். அத மேஸ்திரி சார் தெச்சிட்டாரு." ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்றவர்களும் திரும்பினார்கள்.

அவன் பெயர் மையில் இருந்தது. பக்கங்களுக்கு எண் அச்சிடப்பட்டிருந்ததால் கிழிக்கவும் இயலாது. என்ன புகார் என்பதற்கு நேராகத்தான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. பெயருக்கு முன் 'புகார் செய்தவர்' என்று சேர்த்து, அந்த வெற்றுக் கட்டத்தில் 'கோட்டில் பாக்கெட் இல்லை' என நிரப்பினேன். தாஸ் என் தோளருகே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"ரெண்டு பாக்கெட்டு சார். ரெண்டுன்னு எழுதுங்க."

அக்கூடத்தில் நான் மேற்பார்வை பார்த்த ஆண்டுகள் அத்தனையிலும் பிடிபட்ட களவு இது ஒன்றே. பறிபோனவை பன்னிரண்டு பாக்கெட்டுகள், கையும் ஊசியுமாக அகப்பட்டவன் நான்.