செயின்ட்-மிஷேலுக்குப் போன மூன்று பக்கங்கள்

அடுத்தவர் உறையைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கெட்டில் ஆவியில் காட்டினால் பசை இளகிவிடும். ஐம்பத்திரண்டு வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2006 அக்டோபரில் நான் மாண்ட்ரியல் போன கதையை இதை மறைத்துவிட்டு எழுத முடியாது.

டொரொண்டோவில் என் பக்கத்து மேசைக்காரி சுமதி, டர்பனில் பிறந்த தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பெண். இலை நிறம் மாறுவதைப் பார்க்கப் போகிறேன் என்று நான் அலுவலகம் முழுக்கப் பீற்றிக்கொண்டதைக் கேட்டு, ஓர் உறையைக் கொடுத்தாள். செயின்ட்-மிஷேலில் இருக்கும் அவள் அத்தை லோகாம்பாளிடம் சேர்க்க வேண்டும். தபாலில் போட்டால் அத்தை பிரிக்காமலே திருப்பிவிடுவாராம். ஆளையே அனுப்பினால் திருப்புவது கொஞ்சம் கஷ்டம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். என் கெட்டிலைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

காலை ஏழு மணிப் பேருந்து. 540 கிலோமீட்டர், ஆறரை மணி நேரம், போய்வரத் தொண்ணூறு டாலர். மாண்ட்ரியலில் இறங்கியதும் நிலையத்துக்கு அடியிலேயே மெட்ரோ. டிக்கெட் இரண்டரை டாலர். ஆரஞ்சுக் கோட்டில் ஜான்-தலோன் வரை போய் நீலக் கோட்டுக்கு மாறினால், கடைசி நிறுத்தம் செயின்ட்-மிஷேல். தூங்கிப்போனாலும் தவறவிட முடியாது. நான் சோதித்துப் பார்த்தேன்.

மேலே வந்தால் மழை. மூலையில் ஒரு தெப்பனர், அதாவது நம் பெட்டிக்கடையின் பெரிய அண்ணன். கல்லாவில் யாழ்ப்பாணத்துக்காரர். வழி கேட்டேன்.

"லோகா அன்ரி வீடோ? ஓம், மூண்டாவது வீடு, மேல்மாடி. என்ன கொண்டு போறியள்?"

"ஒரு கடிதம்."

"ஐயோ அண்ணை! கடிதம் எண்டா படியிலயே நிண்டு குடுத்திட்டு ஓடி வாங்கோ. போன முறை தபால்காரன் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்."

லோகாம்பாளுக்கு எழுபது தாண்டியிருக்கும். நிமிர்ந்த உடம்பு. டர்பனில் கற்ற தமிழில் இருபது வருட யாழ்ப்பாண அண்டை வீட்டுத் தமிழும் கலந்திருந்தது. உறையின் மூலையில் சுமதி தன் பெயரோடு எழுதியிருந்த அப்பா பெயரைப் பார்த்ததும், "எனக்குத் தம்பி இல்லை" என்றார்.

"சரிம்மா. இல்லாத தம்பியோட பொண்ணு கொடுத்தனுப்பினா."

"வாய் நீளம் உனக்கு. மழையில நிக்காத, உள்ள வா. அந்தப் பேப்பர் மட்டும் வெளியில நிக்கட்டும்."

உறையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனேன். தேநீர் வந்தது. கூடவே, நான் கேட்காமலே கதையும் வந்தது. வம்புக்கு அலைகிறவனின் முகம் எழுதி ஒட்டாத விளம்பரப் பலகை போல.

அறுபதுகள். நிறவெறி அரசு அவர் கணவரையும் தோழர்களையும் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் கூண்டில் ஏற்றியது. நீதிமன்றத்தில் வெள்ளையரல்லாதவர்களுக்கு ஒதுக்கிய பெஞ்சுகளில் மஃப்டி போலீஸே உட்கார்ந்து நிரப்பிவிடும். உள்ளே இடமில்லாமல் இவர் தினமும் கணவருக்குச் சாப்பாட்டு டப்பாவோடு வெளியில் நிற்பார். தம்பி தேவாவையும் பிடித்துப் பல வாரம் தனிக்கொட்டடியில் வைத்திருந்தார்கள். ஒரு நாள் அவனைக் கொண்டுவந்தார்கள். கைதிகளின் வாசல் வழியாக இல்லை, சாட்சிகளின் வாசல் வழியாக.

"புது ஷர்ட் போட்டிருந்தான். எனக்கு அது போதும்" என்றார்.

அந்த வாரமே இவரையும் போலீஸ் மிரட்ட, திரும்பி வரவே கூடாது என்ற அனுமதிச் சீட்டில் நாட்டைவிட்டு வெளியேறினார். கணவருக்குப் பத்து வருடம் தண்டனை. நான்காம் வருடம் சிறையிலேயே இறந்தார். கணவர் சிறையிலிருந்து அனுப்பிய கடிதம் ஒன்றை லோகாம்பாள் காட்டினார். நடுவில், "தேவா" என்ற பெயருக்குப் பிறகு, இரண்டு வரி அகலத்துக்குப் பிளேடால் வெட்டிய ஓட்டை. சிறைத் தணிக்கை.

"காட்டிக் கொடுத்திட்டான்னு எழுதியிருப்பாரு. வேற என்ன? அப்புறம் யார் வந்து சொன்னாலும், அவன் அனுப்பின ஆள்னு கதவைச் சாத்திட்டேன்."

உறையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினேன். நான்தான் படித்துவிட்டேனே!

"அம்மா, மூணாம் பக்கம் பாருங்க."

"ஒட்டியிருக்கிற உறையில மூணு பக்கம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பிரிச்சுப் படிச்சிட்டேன்."

"வெக்கமில்ல?"

"இருக்கு. ஆனா படிங்க."

உறையைக் கிழித்தார். நீதிமன்றப் பதிவின் நகல் அது. குற்றம் சாட்டப்பட்ட இரண்டாம் நபரைத் தெரியுமா என்று தேவாவிடம் அரசு வழக்கறிஞர் கேட்கிறார். "அக்காவின் கணவர்." சாட்சி சொல்வாயா? "மாட்டேன்." மறுத்தால் சிறை என்று நீதிபதி எச்சரிக்கிறார். "மாட்டேன்." காரணம்? "என் அக்கா முகத்தில் நான் விழிக்க வேண்டும்." ஓராண்டுச் சிறை. பக்கம் முடிகிறது.

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு பழைய கடிதத்தை எடுத்து, அந்த ஓட்டைக்குள் ஆட்காட்டி விரலை விட்டு இப்படியும் அப்படியும் நகர்த்தினார்.

"தேவா இருக்கானா?"

"ஜனவரியில இறந்துட்டாரு."

"நவம்பர்ல ஒரு லெட்டர் வந்துது. திருப்பிட்டேன்" என்றார். நான் தேநீர்க் கோப்பையைக் கழுவி வைத்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். நான் எழுந்தபோது, காகிதங்களை மடியிலிருந்து எடுக்காமலே கையை மட்டும் அசைத்தார்.

இலைகளைப் பார்க்கவில்லை. ஒரு மனிதன் கடைசிவரை வாய் திறக்காததால் சிறைக்குப் போயிருக்கிறான். வாய் மூடத் தெரியாத ஒருவன் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். அந்த அரசு போய்ப் பன்னிரண்டு வருடமாகிவிட்டது. அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.

போகிறவர்களுக்கு: அக்டோபர் வார இறுதியில் விடுதி விலை ஏறும், முன்பே பதிவு செய்யுங்கள். குடை வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் ஒரு 'போன்ஜூர்' சொல்லுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த வழக்குகளின் பதிவு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள் என்பதால், திரும்பி வந்ததும் விசாரித்தேன். டர்பனுக்கு எழுத வேண்டியதில்லை. மாண்ட்ரியலிலேயே ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் முழு வழக்கும் மைக்ரோஃபிலிம் சுருளாக எண்பதுகளிலிருந்து இருக்கிறது. யாரும் போய்ப் பார்க்கலாம், இலவசம். லோகாம்பாள் வீட்டிலிருந்து அதே நீலக் கோடு, வண்டி மாற வேண்டாம், இருபது நிமிடம்.