பூட்டாத திரை

என் அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைப்பவள். அவளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். எங்கள் ஊரில் பாதிப் பேர் படியில் தடுக்கி விழாமல் நடப்பது அவள் கைவேலையால்தான். கல்யாணத்துக்கு லீவு போட்டாள், மகள் பிறந்தபோது லீவு போட்டாள், மாமா அவளை விட்டுவிட்டுப் போனபோது மட்டும் லீவு போடவில்லை. அந்த மேஜைதான் அவளுக்குச் சோறும் மரியாதையும்.

லென்ஸை நனைத்து நனைத்துத்தான் அரைக்க வேண்டும். கை முழுக்க வெள்ளைக் குழம்பாக இருக்கும். எந்தக் கண்ணுக்கு என்ன பவர், எந்தக் கோணம் என்பதெல்லாம் பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பில் தெரியும். வேலை முடிந்ததும் ‘சரிபார்த்தாயிற்று’ என்று அவரவர் லேப்டாப்பில் அவரவர் பெயரில் பதிய வேண்டும். இதில் முதலாளி ஒரு ஏற்பாடு செய்துவைத்தார். சற்று நேரம் தொடாமல் விட்டால் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும், இன்னும் கொஞ்ச நேரம் போனால் ஆளையே வெளியே தள்ளிவிடும். அக்கா ஒவ்வொரு முறையும் கையைக் கழுவி, துடைத்து, பாஸ்வேர்டு அடித்து உள்ளே போவாள். கடைசியில் வெறுத்துப்போய், அது தூங்கிவிடாமல் இருக்க அரைத்துக்கொண்டே முழங்கையால் கீபோர்டில் ஒரு இடி இடிக்கப் பழகினாள். அதில் ஒருநாள் யாருடைய வலது கண்ணோ அழிந்துபோய், திரும்ப வாங்கிப் பதிய வேண்டியதாயிற்று.

எதிர் மேஜையில் அதே வேலை செய்பவள் சிட்டு. துறுதுறுவென்று இருப்பதால் அக்கா வைத்த பெயர். ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். கூடப் பிறந்த நான் கூப்பிட்டதைவிட அவள்தான் அதிகமாக “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டிருப்பாள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட.

“தள்ளுங்கக்கா, நான் பாத்துக்கறேன்” என்று ஒருநாள் சிட்டு உட்கார்ந்தாள். செட்டிங்ஸுக்குள் போய்த் திரை அணைவதற்கு ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று வைத்தாள். பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்தினாள். தானாக வெளியேற்றுவதையும் எடுத்துவிட்டாள். “இனிமே உங்க முழங்கைக்கு ரிட்டையர்மென்ட்!” அக்கா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு ஒரு பேருந்து ஓட்டுநர் புதுக் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி கடைக்கு வந்தார். போட்டால் ரோடே ஒரு பக்கம் சாய்கிறதாம். டிப்போவில் படியிறங்கும்போது விழுந்து மணிக்கட்டில் கட்டு. முதலாளி பார்த்தார். இரண்டு கண்ணின் கோணமும் இடம் மாறியிருந்தது. சரிபார்த்தவர் என்று பதிந்திருந்தது அக்காவின் பெயர்.

அந்தக் கண்ணாடியைச் செய்த நினைவே அக்காவுக்கு இல்லை. ஆனாலும் பெயர் இருக்கிறதே! “என் கையாலதான் ஆகியிருக்கும். மன்னிச்சிடுங்க” என்று ஓட்டுநரிடம் கை கூப்பினாள். எங்கே பிசகினோம் என்று பார்க்க அதை மேஜைக்கு எடுத்துவந்து விரலால் தடவினாள். மூக்குப் பக்க விளிம்பு சுருக்கென்று குத்தியது.

அக்கா எந்த லென்ஸையும் அப்படி விடமாட்டாள். கடைசியாக ஈரக் கல்லில் மெல்ல இழுத்து, தன் கன்னத்தில் உரசிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். அதெல்லாம் வீண் வேலை என்று சொல்கிறவள் அந்த அறையில் ஒருத்திதான். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சிட்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீயா செஞ்சே?”

“நீங்க பாப்பா ஸ்கூலுக்குப் போயிருந்தீங்க. அந்த டிரைவர் அவசரப்படுத்தினாரு. கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு…”

“சந்தேகம்னா உன் பேர்ல போட வேண்டியதுதானே?”

“எனக்கு ஏற்கெனவே ரெண்டு திரும்பி வந்துருச்சுக்கா. இன்னொண்ணு வந்தா வீட்டுக்குப் போன்னு முதலாளி சொல்லிட்டாரு. உங்க பேரு நல்ல பேரு. ஒரு தப்பைத் தாங்கும்.”

அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. ஒருத்தி பாடுபட்டுச் சேர்த்த பேர் இவள் அழுக்குக் கையைத் துடைக்கும் துணியா?

அக்கா முதலாளியிடம் போனாள். நடந்ததைச் சொன்னாள். “காலையில நீங்களே ஒத்துக்கிட்டீங்களேம்மா” என்றார் அவர். பிறகு லேப்டாப்பைப் பார்த்து முகம் கறுத்தார். “உங்க பேர்ல வேற யாரும் கை வைக்கக் கூடாதுன்னுதானே நான் பூட்டு வெச்சேன்? யார் எடுத்தது?”

அக்கா சிட்டுவைப் பார்த்தாள். அவள் இப்போதாவது சொல்வாள் என்று நம்பினாளாம். பைத்தியக்காரி!

“அக்காதான் சார் தொந்தரவா இருக்கு, தொந்தரவா இருக்குன்னு சொல்லிட்டே இருந்தாங்க” என்றாள் சிட்டு. அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அதுதான் அக்காவின் வாயை அடைத்துவிட்டது.

முதலாளி அக்காவை முன்பக்கம் மாற்றினார். வருகிறவர்களிடம் ஆர்டர் வாங்கி உள்ளே அனுப்பும் வேலை. அக்காவின் அரைக்கும் மேஜை சிட்டுவுக்குப் போனது.

கட்டு பிரித்த பிறகு ஓட்டுநர் மறுபடி வந்தார். அக்கா எழுந்து நின்று அவர் சீட்டை வாங்கினாள். அவர் நல்ல மனிதர்தான், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. இந்தத் தடவை உள்ள இருக்காங்களே, அந்தப் பொண்ணு கையாலயே செய்யச் சொல்லுங்க. எனக்கு வண்டி ஓட்டணும்.”

அக்கா “சரிங்க” என்றாள். கோணத்தை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துப் பார்த்துப் பதிந்தாள். கீழே, செய்ய வேண்டியவர் என்ற இடத்தில், சிட்டுவின் பெயரைத் தன் கையாலேயே அடித்து உள்ளே அனுப்பினாள்.