குடைத்துணித் தொப்பி

பள்ளிக்கூடத் தொப்பியைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. மீசை முளைத்து, அது கறுத்து, அதை நான் முறுக்கத் தொடங்கிய பிறகும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தவன் இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் ஜப்பான்காரன் சண்டை முடிந்த பிறகு, லோரிகளின் முதுகைப் பார்த்து. ஆனால் தொப்பிகளை நன்றாகத் தெரியும். வேலிக்கு வெளியே நின்றவனுக்கு வேறு என்ன தெரியும்?

ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் மலாக்காவில் காஜா பெராங் சாலையில் காலையில் இரண்டு வகைப் பிள்ளைகள் போவார்கள். இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறவன் தலையில் தொப்பி. தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவன் தலையில் எண்ணெய். தொப்பியின் முன்னால் தங்க நூலில் ஒரு முத்திரை, அதற்குக் கீழே நாலு எழுத்து. அந்த எழுத்து என்ன சொல்கிறது என்று ஒரு தொப்பிக்காரனை நிறுத்திக் கேட்டேன்.

"அது லத்தீன்லா. ஒனக்குப் புரியாது."

"ஒனக்குப் புரியுமா?"

"எனக்கு எதுக்குப் புரியணும்? நான்தான் போட்டிருக்கேனே."

இதற்கு மேல் படிப்பைப் பற்றி நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

அந்த இங்கிலீஷ் பள்ளியில் கீழ் வகுப்புக்குப் பாடம் சொல்லும் வாத்தியார் ஒருவர் எங்கள் தெருக் கோடியில் குடியிருந்தார். நம்ம ஆள்தான். ஆனால் தலையில் வெள்ளைக்காரன் போடும் சோலா தொப்பி. நான் வணக்கம் சொன்னால் அவர் பதில் சொல்லமாட்டார். தொப்பிதான் கொஞ்சம் அசையும். அவர் வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், அவரா தொப்பியா என்று நானும் என் கூட்டாளியும் பந்தயம் கட்டியிருக்கிறோம். கூட்டாளிக்கு மாட்டு வண்டி. நான் அதில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். மூளை தேவைப்படாத வேலை என்பதால் எங்கள் இருவருக்கும் அது நன்றாக ஒத்துப்போனது.

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்த வாரம் ஊரில் ஒரு தொப்பியையும் காணோம். வெள்ளைக்காரன் முத்திரை வீட்டில் இருந்தால் தலை போய்விடும் என்று யாரோ சொன்னார்கள். தலையைக் காப்பாற்றத் தொப்பியைக் கிணற்றில் போட்டார்கள், அடுப்பில் போட்டார்கள். ஒரு வீட்டில் அதில் கோழியை அடை வைத்தார்கள். அந்தத் தொப்பிக்குள் உருப்படியாக ஏதாவது வளர்ந்தது என்றால் அப்போதுதான்.

வாத்தியாரும் கொஞ்ச நாள் கண்ணில் படவில்லை. திரும்பி வந்தபோது காக்கித் தொப்பி போட்டிருந்தார். அதன் பின்னால் கழுத்தை மூடுவதற்கு இரண்டு துண்டுத் துணி, ஆட்டுக் காது மாதிரி. ஜப்பான் மொழி படித்துவிட்டு வந்தாராம். அவரை இனிமேல் வாத்தியார் என்று கூப்பிடக்கூடாது, சென்செய் என்று கூப்பிட வேண்டுமாம். இத்தனை வருஷம் இங்கிலீஷில் எங்களைக் கேவலமாகப் பார்த்தவர், அன்றிலிருந்து ஜப்பான் மொழியில் கேவலமாகப் பார்த்தார். பார்வை அதேதான்.

மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்து அவரிடம் கொடுத்தார்கள். அவர் போட்ட முதல் சட்டம், பிள்ளைகள் எல்லாரும் சீருடையில் வரவேண்டும். துணி எங்கே இருக்கிறது? ஊரே சாக்கைக் கட்டிக்கொண்டு திரிகிறது. பொம்பிளைகள் ஒரு சேலையை இரண்டாகக் கிழித்து இரண்டு பேராகக் கட்டிய காலம். பெற்றவர்கள் போய் அழுதார்கள். வாத்தியார் மனம் இறங்கினார். சட்டை வேண்டாம் என்றார். கால்சட்டை எதுவானாலும் சரி என்றார். ஆனால் தொப்பி வேண்டும் என்றார். மேலே இருந்து அப்படி உத்தரவு வந்ததா, இவரே கனவு கண்டாரா, தெரியாது. மறுவாரம் மெத்தை உறைத் தொப்பி, மாவுச்சாக்குத் தொப்பி, தலையணைத் தொப்பி எல்லாம் ஊர்வலம் போனது. கீழே கோவணம், விலா எலும்பு எண்ணலாம், மேலே தொப்பி. ஒரு பையனுடைய தொப்பியில் மாவுக் கம்பெனியின் எருமை மாட்டுப் படம் நெற்றிக்கு நேராக வந்திருந்தது. பழைய முத்திரையைவிட அது எவ்வளவோ மேல். அதுவாவது எருமை என்று பார்த்தவனுக்குப் புரிந்தது.

நானும் கூட்டாளியும் சாலையோரம் உட்கார்ந்து சிரித்தோம். உட்கார எங்களுக்கு நேரம் நிறைய இருந்தது. மாட்டை ஜப்பான்காரன் சாப்பிட்டுவிட்டான். வண்டி மட்டும் மிச்சம்.

அந்தச் சிரிப்பு சயாம் ரயில் பேச்சு வரும்வரைதான். சயாமில் தண்டவாளம் போட ஆள் வேண்டும் என்று செங் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பிடிக்க ஆரம்பித்தார்கள். சீக்கிரம் வந்துவிடலாம், அரிசி உண்டு, சம்பளம் உண்டு என்றார்கள். போனவன் ஒருவனும் அந்த அரிசி எப்படி இருந்தது என்று வந்து சொல்லவில்லை. தோட்டம் காலியானதும் ஆள்பிடிக்கிற மண்டோர் டவுனுக்கு வந்தான். ஒரு ஜப்பான் சிப்பாயையும் லோரியையும் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருவான். வேலை இல்லாதவன், கேட்க நாதி இல்லாதவன், தோள் அகன்றவன் என்று பார்த்துப் பார்த்து ஏற்றுவான். மூன்றும் எனக்குப் பொருந்தும். வாழ்க்கையில் நான் முழுசாகத் தேறிய பரீட்சை அது ஒன்றுதான்.

ஆனால் பள்ளிக்கூடத் தொப்பி போட்டவனை மட்டும் மண்டோர் தொடமாட்டான். பள்ளிக்கூடம் ஜப்பான்காரன் சொத்து. அதில் கை வைத்தால் மண்டோரின் கன்னம் வீங்கும்.

மீசையை எடுத்தேன். வாத்தியார் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன்.

"என்னடா?"

"சென்செய், படிக்கணும்."

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கீழே வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆனது, நான் உயரம்.

"என்ன படிக்கணும்?"

"எது இருக்கோ அது."

"வயசு?"

"நீங்க என்ன சொல்றீங்களோ அது சென்செய்."

அவர் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மரவள்ளி போட வேண்டிய திடல் இருந்தது. அவர் என் தோளைப் பார்த்தார், திடல் இருந்த பக்கம் பார்த்தார், மறுபடியும் தோளைப் பார்த்தார்.

"மம்பட்டி பிடிப்பியா?"

"பொறந்ததுலேருந்தே."

"தொப்பி இல்லாம உள்ள வராத."

எங்கள் தெருவுக்குப் பின்னால் செட்டிமார் குடியிருக்கும் கம்போங். சாமி நம்ம சாமி, பேச்சு மலாய். அங்கே கெபாயாச் சட்டை தைக்கிற, பீபி என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒருத்தி இருந்தாள். அப்பா எனக்கு விட்டுப்போன ஒரே சொத்தான கம்பி ஒடிந்த குடையைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். தொப்பி என்று சைகை காட்டினேன். யாருக்கு என்று கேட்டாள். எனக்கு என்றேன். கயிற்றால் என் தலையை அளந்துவிட்டுச் சொன்னாள்:

"கெப்பாலா பெசார், ஓத்தாக் கோசோங்."

தலை பெரிசு, உள்ளே காலி. அளவு எடுத்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

நூல் கிடைக்காததால் அன்னாசி நாரில் தைத்தாள். குடையின் துண்டுகளை அப்படியே சேர்த்துவிட்டாள். போட்டுக்கொண்டால் ஒரு குட்டிக் குடை என் மண்டையில் கவிழ்ந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் அப்படிக் கறுப்பாக மினுங்கும் தொப்பி அது ஒன்றுதான். கூட்டாளி பார்த்துவிட்டுத் தரையில் உருண்டான்.

"டேய் மச்சான், செத்த வீட்டு மேளக்காரன் மாதிரி இருக்கடா!"

"நீயும் வாடா. வாத்தியாருகிட்ட சொல்றேன்."

"போலா. பொடிப் பயலுங்களோட ஒக்காந்து ஜப்பான் பாட்டுப் பாடறதுக்கு நான் சயாமுக்கே போறேன்."

இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் இதையேதான் சொன்னான்.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். கடைசி வரிசையில் முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தால், முன்னால் இருக்கும் பிள்ளைகளின் தலைகள் என் நெஞ்சுக்குக் கீழே. காலையில் வெயிலில் நின்று கிழக்கே பார்த்துக் குனிய வேண்டும். கிழக்கே ஜப்பான் ராஜா இருக்கிறாராம். எங்கள் பள்ளிக்குக் கிழக்கே ஒரு ஆட்டுக் கொட்டகைதான் இருந்தது. தினமும் ஆட்டுக்கு மரியாதை செய்துவிட்டு, கையைக் காலை ஆட்டிவிட்டு, ஜப்பான் மொழியில் பத்துவரை எண்ணிவிட்டு, மம்பட்டியை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போவேன். பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் தொப்பி காற்றில் பறக்கும், துரத்துவார்கள், வாத்தியார் கத்துவார். மரவள்ளி நன்றாக வந்தது. அந்தப் பள்ளியில் வளர்ந்தது அது மட்டும்தான்.

மண்டோர் வேலிப்பக்கம் வரும்போதெல்லாம் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொள்வேன். என்னை முறைப்பான். நான் "இச்சி, நீ, சான்" என்று சத்தமாக எண்ணுவேன். துப்பிவிட்டுப் போவான்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலில் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஊரே போனது. கஞ்சி என்றால் மரவள்ளிக் கஞ்சி, நாலு பருக்கை மிதந்தால் அதிர்ஷ்டம். கூட்டாளியும் வந்திருந்தான். வாத்தியாரும் வந்தார், பசி என்று சொல்லாமல் பக்தி என்று. பள்ளிப் பிள்ளைகளும் வந்தார்கள். கோயிலுக்குள் தொப்பி போடக்கூடாது, ஆம்பிளைகள் சட்டையும் போடக்கூடாது. செருப்பு யாரிடமும் இல்லாததால், செருப்பு வைக்கிற கிணற்றுத் திட்டில் தொப்பிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுவில் என் குடை, ஓரத்தில் வாத்தியாரின் ஆட்டுக் காது.

கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் லோரி வந்து நின்றது.

மண்டோருக்குப் புத்தி இருந்ததை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரில் ஆம்பிளைகள் எல்லாரும் மேலே ஒன்றும் இல்லாமல் ஒரே இடத்தில் நிற்பது கோயிலில்தான். யார் குமாஸ்தா, யார் கூலி, யார் வாத்தியார் என்று அந்தச் சிப்பாய்க்கு எப்படித் தெரியும்? எல்லாரும் கறுத்த முதுகு.

"தொப்பி உள்ளவன் கெணத்துப் பக்கம் போ! மத்தவன் லோரி பக்கம்!" என்று மண்டோர் கத்தினான்.

அவ்வளவுதான். ஓடினார்கள் பாருங்கள். முதலில் ஓடியது வாத்தியார். பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு ஓடி, தன் தொப்பியைத் தலையில் போட்டு நிமிர்ந்து நின்றார். வெறும் வயிறு, வேட்டி, நெற்றி நிறைய விபூதி, அதற்கு மேல் ஜப்பான் தொப்பி. நான் கிணற்றுக்குப் போய்ச் சேரும்போது திட்டில் என் தொப்பியைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். கூட்டாளியின் தலையில் இருந்தது. அவனுக்கு அது பெரிசு, காதுவரை இறங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். உதடு மட்டும் "இச்சி, நீ, சான்" என்று முணுமுணுத்தது. அதையும் என்னைப் பார்த்துத்தான் கற்றிருப்பான்.

சிப்பாய் வந்தான். சட்டை இல்லாத உடம்பில் ராஜாவின் தொப்பியைப் பார்த்ததும் அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. மானம் போய்விட்டதாம். வாத்தியாருக்கு விட்டான் ஒரு அறை. தொப்பி பறந்து கிணற்றில் விழுந்தது. நான் சந்தோஷப்பட்டேன் என்று சொல்லத்தான் வேண்டும். லோரிக்கு நாலு அடி தூரத்தில் நின்றுகொண்டும் சந்தோஷப்பட்டேன். அப்படிப்பட்ட அறை அது.

பிறகு மண்டோர், இவர் வாத்தியார் என்று சிப்பாயிடம் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பினான்.

"ஒங்க புள்ளைங்க யாரு யாரு, நீங்களே சொல்லுங்க வாத்தியாரே. பொய் சொன்னா நீங்களும் ஏறணும்."

சின்னப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கை காட்டினார். கன்னத்தில் ஐந்து விரலும் தெரிந்தது. கூட்டாளியிடம் வந்தார்.

அந்தக் கறுப்புத் தொப்பி யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். திடலில் தினமும் பார்த்த தொப்பி. கூட்டாளி மெதுவாக, "சென்செய்" என்றான். அவன் அவ்வளவு மரியாதையாகப் பேசி அதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

வாத்தியார் தலையை ஆட்டினார். இல்லை.

மண்டோர் என் பிடரியைப் பிடித்து முன்னால் தள்ளினான். "இந்தக் கழுத தெனம் வேலிக்குள்ள நின்னு எண்ணுது. இது ஒங்க புள்ளையா? வயசு என்னா இதுக்கு?"

வாத்தியார் என்னைப் பார்த்தார். அந்தப் பழைய பார்வை. பிறகு சிப்பாயிடம் ஜப்பான் மொழியில் என்னவோ சொல்லி, தன் நெற்றிப் பொட்டில் விரலை வைத்துச் சுற்றிக் காட்டினார். மண்டோரிடம் தமிழில் சொன்னார்:

"பாத்தா தெரியலையா? மூள வளரல. ஒடம்பு மட்டும் வளந்துருச்சி. இத ரயிலு போட விட்டா, தண்டவாளத்தத் திருப்பிப் போட்டுட்டு வந்துரும். அப்பறம் ஒன்னையத்தான் கேப்பாங்க."

சிப்பாய் என் முகத்துக்குக் கிட்டே வந்து பார்த்தான். நான் நடித்தேன் என்று நினைக்காதீர்கள். பயத்தில் வாய் மூடவில்லை, கஞ்சி தாடையில் வழிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அவன் சிரித்துவிட்டு என்னைப் பிள்ளைகள் பக்கம் உதைத்துத் தள்ளினான்.

லோரி கிளம்பியது. கூட்டாளி பின்பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். தொப்பியைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. என்னைத் தேடிப் பார்த்துவிட்டான்.

"மச்சான், சயாம்ல மழ வந்தா நான் நனைய மாட்டேன்லா!"

ஏற்றப்பட்டவர்களில் சிலர் சிரித்தார்கள்கூட. அவன் திரும்பி வரவில்லை.

வாத்தியார் என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாரா, மனதில் நெடுநாளாக இருந்ததைச் சொன்னாரா, மரவள்ளி பிடுங்க ஆள் வேண்டும் என்று சொன்னாரா? மூன்றில் எது என்று நான் கேட்கவில்லை. என் கூட்டாளிக்கும் ஒரு விரலைச் சுற்றியிருக்கலாமே என்றும் கேட்கவில்லை. இரண்டாவது பொய்க்கு லோரியில் அவருக்கும் இடம் இருந்தது. அந்த ஒரு பொய்யைச் சொன்னதே அவருக்குப் பெரிய வேலை.

மறுநாள் வெறும் தலையோடு பள்ளிக்கூடம் போனேன். அவரும் வெறும் தலையோடுதான் நின்றிருந்தார். சொட்டை. பள்ளிக்கூடத்தில் அதை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. வீங்கின கன்னத்தோடு வரிசையைப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் முன்னால் நின்றார்.

"தொப்பி எங்கடா?"

"சயாமுக்குப் போயிருக்கு சென்செய்."

திடல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் கிழக்கே பார்த்துக் குனியக் காத்திருந்தார்கள்.

"போ," என்றார். "போய் மரவள்ளிக்குத் தண்ணி ஊத்து."