பாட்டை முடிக்கத் தெரியாத மூன்று பேர்

பதுளை டவுனில் ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில், சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டிய அறையில் நாங்கள் மூன்று கிழவர்களும் போன வருஷம் எங்கள் நத்தார் பாட்டுகளை, கிறிஸ்மஸ் பாட்டுகளைத்தான், பதிவு செய்தோம். பாடினது என் மச்சான், என் மனைவியின் அண்ணன். தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர். ஆர்மோனியம் வாசித்தவர் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுத்தவர். டோலக்கு நான். நான் வேலை செய்தது தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கிற ரோலருக்குப் பக்கத்தில். அது சுற்றுகிற சத்தத்தோடு விரலால் தட்டித் தட்டித்தான் எனக்குத் தாளம் வந்தது. வேறு பள்ளிக்கூடம் எனக்கு இல்லை.

பதிவு செய்யும் ஆசை எங்களுக்கு இருந்ததே இல்லை. மச்சானுடைய வாயால் வந்தது அது. நத்தாருக்கு முந்தின வாரம் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, ஒவ்வொரு லயமாகப் போய், வாசல் வாசலாக நின்று பாடுவது எங்கள் வழக்கம். மேல் லயத்துக்கு மட்டும் தேயிலைக்கு நடுவே செங்குத்தாகப் படி ஏறவேண்டும். ஆர்மோனியக்காரருக்கு முழங்கால் போய்விட்டது, மச்சானுக்கு மூச்சு வாங்குகிறது. இரண்டு வருஷம் ஏறவில்லை. பூசை முடிந்து மாதா கோயில் முற்றத்தில் நிற்கும்போது மேல் லயத்து ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள்.

“எங்களுக்கு மட்டும் நத்தார் கெடையாதா?”

மச்சான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். “இந்த வருசம் மேல் லயத்துல ஒரு வாசல் விடாம எங்க பாட்டு கேக்கும்.”

திரும்பி வரும்போது “எப்புடி மச்சான்?” என்று கேட்டேன்.

“தெரியாது மாப்ள. சொல்லியாச்சு. இனி செய்யத்தானே வேணும்?”

எங்கள் தோட்டத்து ஆட்டோக்காரன் தன் வண்டியில் பெரிய ஸ்பீக்கர் வைத்திருக்கிறான். பாட்டைப் பதிந்து கொடுத்தால் மேல் லயத்துக்குக் கீழே பாதை முடிகிற இடம் வரை கொண்டுபோய்ப் போடுகிறேன் என்றான். அப்படித்தான் இரும்புக்கடைக்கு வந்து சேர்ந்தோம்.

கடைக்கார முதலாளியின் மகன்தான் மேலே பதிவு செய்கிறவர். முஸ்லிம் பையன், முப்பது வயதிருக்கும், நல்ல பொறுமை. காதில் மாட்டக் கொடுத்ததை மாட்டினோம். உள்ளே டிக் டிக் என்று ஒன்று அடித்தது. “இத நிப்பாட்டுங்க தம்பி, பல்லி மாதிரி கத்துது” என்றார் ஆர்மோனியக்காரர். தம்பி நிறுத்திவிட்டார்.

முதல் பாட்டு நன்றாகப் போனது. கடைசி அடிக்கு வந்தோம். திரும்பவும் பாடினோம். மறுபடியும் பாடினோம். தம்பி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் கையைக் காட்டினார். நல்லாயிருக்கிறது என்கிறார் போல என்று இன்னும் உரக்கப் பாடினோம். எழுந்தே வந்துவிட்டார்.

“அங்கிள், இந்தப் பாட்டு எப்ப முடியும்?”

“கதவு தொறந்தா முடியும்” என்றார் மச்சான்.

“எந்தக் கதவு?”

அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. எங்கள் பாட்டுக்கு முடிவே கிடையாது. வீட்டுக்காரர் கதவைத் திறக்கும்வரை கடைசி அடியைப் பாடிக்கொண்டே நிற்போம். திறந்ததும் நிறுத்திவிட்டு உள்ளே போவோம். சில வீடுகளில் இன்னும் கொஞ்சம் கேட்கலாமென்று வேண்டுமென்றே தாமதிப்பார்கள். ஜன்னல் இடுக்கில் கண் தெரியும்.

தம்பி சிரித்தார். “அதுக்கென்ன, கடைசியில சத்தத்த மெல்ல மெல்லக் கொறச்சு விடுறேன்.” செய்து போட்டும் காட்டினார். எங்கள் பாட்டு தூரத் தூரப் போய் அடங்கியது.

மச்சான் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தார். “இது வேணாம் தம்பி. சாவு விழுந்த வீட்டக் கடக்கும்போதுதான் நாங்க இப்புடிக் கொறச்சிக்கிட்டே போவோம். மேல் லயம் முழுக்கவா சாவு வீடு?”

சரி, ஒன்றாக நிறுத்திப் பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். மச்சான் தலையை ஆட்டுவார், நிறுத்தவேண்டும். ஆர்மோனியம் முந்தி நின்றுவிடும், என் கை தன்பாட்டில் போகும்.

“ஒன் கைக்கு மட்டும் காது கேக்காதா?” என்றார் ஆர்மோனியக்காரர்.

“நீங்கதான் டிஸ்பென்சரி பூட்டுற மாதிரி பட்டுனு பூட்டுறீங்க அண்ணே.”

எத்தனை தரம் என்று நினைவில்லை. அந்தக் காலத்தில் ரோலரில் பெல்ட் அறுந்தால்கூட என் விரல் சற்றுநேரம் தட்டிக்கொண்டேதான் இருக்கும். அது போலத்தான் இதுவும். தம்பி களைத்துவிட்டார். வீட்டில் பழகிவிட்டு இன்னொரு நாள் வரச் சொன்னார்.

“இன்னொரு நாள் இந்த மூச்சு இருக்குமோ என்னமோ. இன்னைக்கே முடிப்போம்” என்றார் மச்சான். “மிசின ஓட விட்டுட்டு நீங்க வெளிய போங்க தம்பி. கதவச் சாத்திக்கிட்டுப் படியில நில்லுங்க. போதும்னு ஒங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பத் தொறங்க.”

தம்பி எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். கதவைச் சாத்தினார். பாடினோம். கடைசி அடிக்கு வந்து, திருப்பித் திருப்பிப் பாடினோம். கதவு திறக்கவில்லை. மச்சானுடைய கழுத்து நரம்பு புடைத்தது. ஆர்மோனியக்காரர் வலிக்கிற காலை நீட்டிக்கொண்டார். நிறுத்தலாம் என்று ஒருவரும் நினைக்கவில்லை, கதவைப் பார்த்தபடியே பாடினோம். கதவு திறந்தது. கீழே கடையில் கம்பி போடுகிற சத்தமும் சேர்ந்து உள்ளே வந்தது. மூன்று பேரும் ஒரே அடியில் நின்றோம்.

“கேட்டுக்கிட்டே நின்னுட்டேன் அங்கிள்” என்றார் தம்பி. “கதவுச் சத்தத்த எடுத்துடவா?”

“அது இருக்கட்டும். அதுதானே முடிவு.”

மிச்சப் பாட்டுகளும் அப்படியேதான். ஒவ்வொன்றுக்கும் தம்பி படிக்குப் போனார். அந்தி சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது.

நத்தார் வாரத்தில் ஒரு பின்னேரம், பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு நாங்களும் போனோம், பழக்கத்தில் டோலக்கையும் ஆர்மோனியத்தையும் தூக்கிக்கொண்டு. பாதை முடிகிற இடத்தில் நிறுத்தி, ஸ்பீக்கரை மேலே திருப்பிப் பாட்டைப் போட்டான் ஆட்டோக்காரன். பாட்டு படியேறிப் போனது. மேலே ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மச்சான் ஆட்டோவுக்குள் இருந்து எட்டி எட்டிப் பார்த்தார்.

முதல் வீட்டிலிருந்து, எங்கள் காலத்தில் கொழுந்தெடுத்த ஒரு அம்மா படியோரம் வந்து நின்றாள்.

“பாட்டு வந்துருச்சு. ஆளுங்க எங்க?”

“முழங்கால் சரியில்ல தங்கச்சி” என்று மச்சான் கீழேயிருந்து கத்தினார்.

“தேத்தண்ணி ஊத்தியாச்சு. அத அந்தப் பெட்டிக்கா குடுக்கச் சொல்றீங்க?”

ஆட்டோக்காரன் சிரித்துவிட்டான். மச்சான் சிரிக்கவில்லை. ஈரப் படிகளைக் கண்ணால் மேலே வரை எண்ணினார். பிறகு ஒரு காலைக் கீழே வைத்தார்.

“கதவத் தொறந்துட்டாங்க மாப்ள. தொறந்த வாசலுக்குப் போகாம இருக்கலாமா?”

“என் முழங்காலுக்கு இத யாரு சொல்றது?” என்றார் ஆர்மோனியக்காரர்.

“அதுக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்துவாங்க. எறங்குங்க.”

மேலேயிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து ஆர்மோனியத்தை வாங்கிக்கொண்டார்கள். டோலக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். நாலு படி ஏறி நின்றோம், மறுபடி நாலு படி. அந்த அம்மா வாசலில் பாய் விரித்து வைத்திருந்தாள். நாங்கள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழும்பமாட்டோம் என்று மச்சானுக்குத் தெரியும். நின்றபடியே குடித்து முடித்தார். கோப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “அடுத்த வாசல்” என்றார்.