சம்பந்தி வாங்கிக் கொடுத்த சீட்டு

போன வருஷம் மாசி மாதம், போடிமெட்டு மலைப்பாதையில் நடந்தது இது. போடியிலிருந்து மேலே ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகிற ஜீப்பை முப்பது வருஷம் ஓட்டியவன் நான். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறேன். அந்த ரோட்டில் எனக்குத் தெரியாத வளைவு கிடையாது. அதே ரோட்டில்தான் எனக்குப் புத்தியும் வந்தது என்பதால், கொஞ்சம் வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

என் மகன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். மருமகள் தேனிக்காரி. பேத்திக்கு அப்போது இரண்டு வயது. மகன் கார் வாங்கியதும், மருமகளின் அப்பா, அதாவது என் சம்பந்தி, சின்னப் பிள்ளைகளுக்கென்று காரில் வைக்கிற சீட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தார். அதைப் பின்சீட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள். பிள்ளையை அதில் உட்காரவைத்து, தோளிலும் இடுப்பிலும் வார் போட்டு, நடுவில் கொக்கி மாட்ட வேண்டும். முதல் தடவை பார்த்தபோது, "என்னப்பா, பிள்ளையைப் பார்சல் கட்டி அனுப்புறீங்க?" என்று சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த சீட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதை அவர் வாங்கிக் கொடுத்தார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பேத்தி அதற்குத் 'தேனித் தாத்தா சீட்டு' என்று பேரே வைத்துவிட்டாள். போடித் தாத்தாவாகிய நான் ஆசை ஆசையாகச் செய்து கொடுத்த மர நடைவண்டி, கோயம்புத்தூர் வீட்டு பால்கனியில் துணிக்கூடையைச் சுமந்துகொண்டு நின்றது. அவருடைய சீட்டோ பிள்ளை போகிற ஊருக்கெல்லாம் போனது. சம்பந்தி தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் போட்டுப் பேசமாட்டார், யாரையும் குறை சொல்லமாட்டார். அது எனக்கு இன்னும் எரிச்சல். சண்டை போடவாவது ஒரு சாக்கு வேண்டாமா? "அவரு வந்தா மட்டும் உங்க மூஞ்சி புளிச்ச மோரு மாதிரி ஆயிருது" என்பாள் என் வீட்டுக்காரி.

எங்கள் ஜீப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை பேர் நெருக்கியடித்து ஏறியிருந்தாலும் சரி, கைப்பிள்ளையோடு ஒரு பெண் வந்தால் டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டு அவளுக்குத்தான். வேலையாட்களை மேய்க்கிற கங்காணியே உட்கார்ந்திருந்தாலும் எழுந்து பின்னால் போய்விடுவார். பிள்ளைக்குக் கொடுக்கிற மரியாதை அது. என் பேத்தியையும் அப்படி முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை மலை இறங்கவேண்டும், இது தாத்தா ஓட்டின ரோடு என்று ஒவ்வொரு வளைவாகக் காட்டவேண்டும் என்பது என் ஆசை. மகனிடம் கேட்கும்போதெல்லாம், "வண்டி ஓடும்போது மடி வேண்டாம்ப்பா" என்று ஒரே பதில்.

அந்த மாசியில் பேத்திக்குக் காதுகுத்து வைத்தோம். மெட்டுக்கு மேலே, நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்துக் கோயிலில் நேர்த்திக்கடன். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்காரவேண்டும். மருமகளுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. "மாமன் இல்லாட்டி பொண்ணு வீட்டு ஆம்பளை யாராவது உக்காரட்டும்" என்று பெரியவர்கள் சொல்ல, சம்பந்தியே மணையில் உட்கார்ந்துவிட்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் பேத்தி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள். நான் அந்த மடியைப் பார்த்தேன். காரில் அவர் சீட்டு, கோயிலில் அவர் மடி, அப்படியென்றால் நான் எதற்கு?

திரும்பும்போது சொந்தக்காரர்கள் வேனில் போனார்கள். வீட்டுக்காரியும் அவர்களோடு ஏறிக்கொண்டாள். காரில் மகன் ஓட்ட, நான் முன்னால். பின்னால் சம்பந்தி, மருமகள், சீட்டில் பேத்தி. காது வலியில் பிள்ளை விடாமல் அழுதாள். மெட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு, கீழே தெரிந்த ஊரைக் காட்டினேன். என் தோளில் சாய்ந்து அழுகையை நிறுத்தினாள். அந்த ஐந்து நிமிஷத்தில் எனக்கு வந்த பெருமை கொஞ்சமில்லை. கிளம்பும்போது அவளை இறக்காமல், அப்படியே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மகன் வண்டியை எடுக்கவில்லை.

"அப்பா, அவ சீட்டுல உக்காந்தாத்தான் வண்டி நகரும்."

"முப்பது வருஷம் இந்த மலையில ஓட்டுனவன்டா. ஒரு ஆளுக்கு ஒரு கீறல் விழுந்திருக்கா?"

"அப்ப ஓட்டுனது நீங்க. இன்னைக்கு ஓட்டுறது நான்."

மருமகள் கையை நீட்டினாள். "மாமா, கோவிச்சுக்கிடாதீங்க. உங்ககிட்ட பிள்ளையத் தர மாட்டேன்னு நான் சொல்லல. ஓடுற வண்டியில தர மாட்டேன்."

எனக்குக் கோபம் எங்கேயோ ஏறிவிட்டது. திரும்பி, சம்பந்தியைப் பார்த்துக் கேட்டேன்: "எல்லாம் உங்க ஏற்பாடு. சீட்டு வாங்கத் தெரிஞ்சவருக்கு மலையப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணுந் தெரியாது சம்பந்தி" என்றார் அவர். "நான் பயந்தாங்கொள்ளி."

இப்படிப் பேசுகிறவரை என்ன செய்ய? பேத்தியை மருமகள் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். மகன் கூப்பிடக் கூப்பிட நடந்தேன். பின்னால் மேலேயிருந்து ஒரு ஜீப்பு இறங்கி வந்தது. ஓட்டியவன் என்னிடம் தொழில் பழகியவன்.

"என்ன அண்ணே, மகன் வண்டியில இடமில்லையா, மருவாதி இல்லையா?"

"ரெண்டும் இல்லை. எடு வண்டியை."

முன்சீட்டில் பத்து மாதக் கைப்பிள்ளையோடு ஒரு பெண் இருந்தாள். தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ராசிங்காபுரத்தில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். அவளைக் கதவோரம் விட்டுவிட்டு நான் நடுவில் உட்கார்ந்தேன். நாலு வளைவு தாண்டியதும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "அய்யா, பிள்ளையச் செத்த பிடிங்க" என்று என் மடியில் வைத்துவிட்டு வெளியே தலையை நீட்டினாள். குண்டுப் பயல், கருகமணி வளையல் போட்டிருந்தான். என் மீசையைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். 'பார்த்தாயா, ஊரார் பிள்ளைக்குத் தெரிகிறது என் அருமை' என்று மனதுக்குள் சம்பந்தியிடம் பேசிக்கொண்டே வந்தேன். மகனின் கார் எங்களை முந்திப் போனபோது வேண்டுமென்றே அந்தப் பிள்ளையைக் கொஞ்சினேன்.

அடுத்த கொண்டை ஊசி வளைவில், ஏறி வந்த பஸ் அகலமாக ஒடித்துத் திரும்பியது. ஜீப்பை ஓட்டிய பையன் பிரேக்கை மிதித்தான். வேகம் என்று சொல்லவே முடியாது. கூடவே ஒருவன் ஓடி வந்திருக்கலாம், அவ்வளவு மெதுவாகத்தான் போனோம். என் இரண்டு கையும் பிள்ளையின் இடுப்பைச் சுற்றித்தான் இருந்தன. ஆனால் உடம்பு முன்னால் பாய்ந்த அந்த நொடியில், நான் கேட்காமலே கைகள் இரண்டும் விரிந்து போய் முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டன. பிள்ளையை நான் பிடிக்கவில்லை. என்னைத்தான் பிடித்தேன். பிள்ளை டேஷ்போர்டில் மோதி என் காலடியில் விழுந்தது.

ஒரு நிமிஷம் சத்தமே வரவில்லை. நான் செத்துவிட்டேன் என்றே சொல்லலாம். பிறகு வீலென்று அழுதான். வாழ்நாளில் ஒரு பிள்ளையின் அழுகைக்காக அப்படி நான் ஏங்கியதில்லை. நெற்றி புடைத்து, உதடு கிழிந்திருந்தது. அந்தப் பெண் பிள்ளையை அள்ளி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க பிடிச்சிருக்கப் போயி எம்பிள்ளை தப்பிச்சான்ய்யா. நீங்க நல்லா இருக்கணும்" என்று என்னைக் கும்பிட்டாள்.

இல்லையம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. போடி ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவளை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயப் பார்த்தது. வாசலில் கார் நின்றது. எனக்காகக் காத்திருந்தார்கள். "சாப்டீங்களாப்பா?" என்றான் மகன், அவ்வளவுதான். அழுது களைத்த பேத்தி கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போல இருந்தது. ஆனால் மகனிடம் சொல்ல வெட்கம். கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்த சம்பந்தியிடம் போய் நின்று, நடந்ததை எல்லாம் சொன்னேன். கைகள் விரிந்ததையும் சொன்னேன். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்வாரென்று காத்திருந்தேன். அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சம்பந்தி, எனக்கு மட்டும் அவளை மடியில வச்சுக்கிட்டுப் போக ஆசை இல்லையா? முதல்ல எம்மககிட்ட நானும் சண்டை போட்டேன். அவ கேட்டபடி சீட்டை வாங்கிக் குடுத்தா, எப்பவாச்சும் நமக்கு மட்டும் சலுகை குடுப்பான்னு பாத்தேன். அதுக்கும் வழியில்லாமப் போச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனிதர் மேலா இத்தனை நாள் வயிறு எரிந்தேன்! கிளம்பும்போது, "அந்தக் கொக்கிய எப்படி மாட்டணும்?" என்று கேட்டேன். மருமகள் நம்பமுடியாமல் என்னைப் பார்த்தாள். சம்பந்திதான் சொல்லிக்கொடுத்தார். வாரில் முறுக்கு இருக்கக்கூடாது, தோள் வாருக்கடியில் விரல் விட்டால் தொளதொளவென்று இருக்கக்கூடாது. எனக்கு நாலு தடவை தப்பியது. அவருக்கு ஒரே தடவையில் 'டிக்'கென்று விழுந்தது. பொறாமை முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். அந்த 'டிக்'கைக் கேட்டதும் லேசாக ஒரு எரிச்சல் வரத்தான் செய்தது.

இப்போதெல்லாம் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனால், கைப்பிள்ளைக்காரிகளை முன்னால் ஏற்றாதீர்கள், நடு வரிசை சீட்டில் உட்காரவையுங்கள் என்று சொல்கிறேன். "அண்ணனுக்கு வயசாகிப் போச்சு, பிள்ளைக்காரிக்குக் கூட மருவாதி குடுக்க மாட்டேங்குறாரு" என்று கேலி செய்கிறார்கள். இரண்டு பேர் மட்டும் கேட்கிறார்கள். மற்றவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால், அந்தத் தாய் கும்பிட்ட என் கைகள் என்ன செய்தன என்பது எனக்குத் தெரியும், அந்தக் கும்பிடை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.